தெற்கு அறையின் குளிர்

விமலாதேவியின் அறைச் சுவரில், யன்னலுக்குக் கீழே, நோர்மன் சோக்கால் ஒரு நீள்சதுரம் கீறினார்.

“இந்த அளவுக்குச் செங்கலை வெட்டி எடுக்க வேண்டும். பெட்டியின் முகம் அறைக்குள் இருக்கும், முதுகு வெளியே இருக்கும். காலையில் தொடங்கினால் பின்னேரம் முடிந்துவிடும்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நோர்மன் வீடுகளுக்கு ஏர்கொண்டிஷன் பூட்டிக் கொடுப்பவர். 1977ஆம் ஆண்டு மெல்பேணின் கிளென் வேவர்லிப் பக்கத்தில் அதை வாங்கியவர்களே கொஞ்சம். வாங்கியவர்களும் கோடைக்கென்றுதான் வாங்கினார்கள். ஆனால் நோர்மன் கொண்டுவந்த படத்தில் இருந்தது ‘ரிவர்ஸ் சைக்கிள்’ என்ற வகை. கோடையில் வீட்டுக்குள் இருக்கும் சூட்டை வெளியே தள்ளும். குளிர்காலத்தில் அதே வேலையைத் தலைகீழாகச் செய்து, வெளியே இருக்கும் சூட்டை உள்ளே கொண்டுவரும்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் இருந்த விமலாதேவிக்கு அது நம்பும்படியாக இல்லை. அவள் யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பிப்பவள். விளங்காத ஒன்றைத் தலையாட்டி விட்டுவிடுகிற பழக்கம் அவளிடம் இல்லை.

“வெளியே புல்லெல்லாம் உறைந்து கிடக்கிறது. அங்கே ஏது சூடு?” என்று நோர்மனிடமே கேட்டாள்.

நோர்மன் சிரிக்கவில்லை. “உங்கள் பிரிட்ஜின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? உள்ளே இருக்கிற பாலிலும் கீரையிலும் இருந்து வந்தது. குளிர்ந்த பாலிலிருந்து சூட்டை உறிஞ்சலாம் என்றால், குளிர்ந்த காற்றிலிருந்தும் உறிஞ்சலாம்தானே?”

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அண்ணனின் மனைவியான மச்சாள் யோகராணியைத் திரும்பிப் பார்த்தாள். நோர்மனை வரச்சொல்லி ரெலிபோன் எடுத்தது யோகராணிதான். அவளும் கண்ணால் ‘பாத்தீரே’ என்றாள்.

வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அண்ணன் மகேந்திரராஜா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் ரோட்டுப் போடும் இலாகாவில் எஞ்சினியர். இயந்திரம் என்றால் நூறு கேள்வி கேட்கிற மனிதர். அன்றைக்கு அவர் அந்தச் சோக்குக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“யோசித்துச் சொல்கிறோம்,” என்றார் கடைசியில்.

நோர்மனின் கார் தெருமுனையில் திரும்பியதும் யோகராணி குசினிக்குள் போய்ப் பாத்திரங்களை அடுக்கத் தொடங்கினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டபோதே இந்த விஷயம் இத்தோடு முடியாது என்று விமலாதேவிக்கு விளங்கிவிட்டது.

அவள் மெல்பேணுக்கு வந்தது இருதய ஒப்பரேஷனுக்காக. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் இருதயத்தின் வால்வு ஒன்றைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. முப்பது வயது நெருங்கும்போது பள்ளிக்கூடத்து மாடிப்படி ஏற மூச்சு இல்லாமல் போயிற்று. அண்ணன்தான் அலைந்து திரிந்து விசா எடுத்து வரவழைத்தார். ஆஸ்பத்திரியில் பழைய வால்வை வெட்டி எடுத்துவிட்டு உலோகத்தால் ஆன ஒன்றை வைத்துத் தைத்தார்கள். அது ஒவ்வொரு துடிப்புக்கும் டிக், டிக் என்று சத்தம் போடும். அறை அமைதியாக இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். இரத்தம் உறையாமல் இருக்க நாள்தோறும் குளிசை போட வேண்டும். சளி நெஞ்சில் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், உடம்பைச் சூடாக வைத்திருக்க வேண்டும் என்று டொக்டர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்.

வீடோ, குளிர் என்று ஒன்று இந்த ஊருக்கு வராது என்று நினைத்துக் கட்டிய வீடு. சுவருக்கு உள்ளே ஒன்றும் இல்லை, யன்னல் இடுக்குகளால் காற்று வரும். ஹோலில் இருந்த எண்ணெய் ஹீற்றரின் சூடு நடையில் திரும்பி அவளுடைய அறைக்கு வந்துசேர்வதே இல்லை. அந்த அறை தெற்குப் பார்த்தது. இந்த நாட்டில் வெயில் வடக்கால் போகிறது என்பதை அவள் இங்கே வந்துதான் அனுபவத்தில் கண்டாள். தங்களுடைய வடக்கு அறையைத் தருவதாக யோகராணி சொன்னபோது அவள் மறுத்துவிட்டாள். கம்பி சிவக்கும் கரண்ட் ஹீற்றர் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். குசினியில் அடுப்பும் அதுவும் ஒன்றாக எரிந்தால் பியூஸ் போய் வீடே இருண்டது. இங்கே குளிர் தொடங்கும் வைகாசியில் மகேந்திரராஜா கதிரையில் ஏறி, கூரைக்குக் கிட்டச் சுவரில் இருந்த காற்றுத் துவாரத்துக்குள் பேப்பரைச் சுருட்டி அடைத்து, மேலே பிளாஸ்டர் ஒட்டினார். அதற்கும் குளிர் அடங்கவில்லை.

அன்று பின்னேரம் சோறு வடிக்கிற நேரத்தில் குசினியில் பேச்சுத் தொடங்கியது. ஒரு சுவர்தான் இடையில். காதைப் பொத்திக்கொண்டாலொழியக் கேட்காமல் இருக்க முடியாது.

“மெல்பேண் என்ன கனடாவே? இஞ்ச பனியே கொட்டிறேல்லை,” என்றார் அண்ணன். “நாலு கதவைச் சாத்தினாச் சமாளிக்கலாம். அதுக்குப் போய்ச் சுவரை உடைக்கிறதே?”

“சமாளிக்கிறது நீங்களும் நானும். அவாவுக்கு நெஞ்சைப் பிளந்து தைச்சிருக்கு.”

“ஆவணிக் கடைசியில அவள் போறாள். பிளேன் ரிக்கற் போட்டாச்சு. கொஞ்ச நாளைக்கு ஒரு மிசினே?”

“கோடைக்கும் உதவும் எண்டு நோர்மன் சொன்னவர்தானே. போன தை மாசம் வெக்கையில நீங்கள் குளிக்கிற தொட்டிக்குள்ள படுத்திருந்ததை மறந்திட்டியளே?”

யோகராணியின் குரல் தணிந்தது. தணிந்தபோதுதான் அது கூர்மையாக இருந்தது.

“இஞ்சருங்கோ, நீங்கள் குளிரைப் பற்றிக் கதைக்கேல்லை. எனக்குத் தெரியும். மாமா அங்க தனிய இருக்கிறார். அவரைப் பாக்க நீங்கள் போகப்போறேல்லை. அதுக்கு அவா போகவேணும். சுவரை வெட்டி அதைப் பூட்டிப்போட்டால், அவாவைப் போகச் சொல்ல உங்களுக்கு வாய் வராது.”

“வாயை மூடும்!” என்றார் மகேந்திரராஜா.

பிறகு தண்ணீர்க் குழாயின் சத்தம் மட்டும் கேட்டது.

விமலாதேவி சுவரில் இருந்த சோக்குக் கோட்டைப் பார்த்தாள். அண்ணன் தன்னை வீட்டைவிட்டுக் கலைக்கப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தோன்றவில்லை. போகத்தானே வேண்டும்? அப்பா தனிய. அவளுடைய வகுப்புப் பிள்ளைகளை யாரோ ஒரு புது மாஸ்ரர் குழப்பிக்கொண்டிருக்கிறாராம். ஆனாலும் தன்னை வைத்து அந்த இரண்டு பேரும் சண்டை பிடிப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, ஈரத் துணியால் அந்தக் கோட்டை அழித்தாள். குசினி வாசலில் போய் நின்றாள்.

“எனக்கு அவ்வளவு குளிரேல்லை மச்சாள். மிசின் ஒண்டும் வேண்டாம். நான் போற ஆள்.”

யோகராணி திரும்பாமலே சொன்னாள்: “உம்மட உதடு நீலமா இருக்கு, விமலா.”

மறுநாள் மகேந்திரராஜா மண்ணெண்ணெய் ஹீற்றர் ஒன்றைக் கொண்டுவந்து அவளுடைய அறையில் வைத்தார். கூட வேலை செய்கிற யாரோ கொடுத்ததாம். திரியைத் துடைத்து, எரித்துக் காட்டி, “பாத்தியே, எவ்வளவு சூடு!” என்றார். அவருடைய முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க அவளுக்கும் சந்தோஷமாக இருந்தது. “யன்னலைக் கொஞ்சம் திறந்து வை,” என்றார். யோகராணி வாசனை பிடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுழித்தாள். அந்த வீட்டில் அப்போது எல்லாரும் ஒன்றும் சொல்லாமல் இருக்கவே பழகிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கிழமை நன்றாகத்தான் போயிற்று. ஆவணி பிறக்கும் முன், ஒரு நாள் காலை, தெற்கிலிருந்து மழையோடு காற்று அடித்தது. அண்ணன் வேலைக்குப் போய்விட்டார். யோகராணி ஆஸ்பத்திரி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவளும் போய்விட்டாள். யன்னல் இடுக்கால் மழைத் தூவானம் கட்டிலில் விழுந்தது. விமலாதேவி யன்னலை இழுத்துச் சாத்திவிட்டு, ஹீற்றருக்குக் கிட்டக் கதிரையைப் போட்டு, பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கதவையும் சாத்தினாள். அறை மெல்ல மெல்லச் சூடேறியது. இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாகக் கால்விரல்களில் உணர்ச்சி வந்தது. கண் சொருகியது.

விழித்தபோது தலைக்குள் உலக்கையால் இடிப்பதுபோல் இருந்தது. புத்தகம் நிலத்தில் கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தாள், கை போகவில்லை. டிக் டிக் டிக் என்று நெஞ்சு மூச்சுவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவ்வளவு வேகமாக ஓடி அவள் கேட்டதே இல்லை.

‘வால்வு விட்டுட்டுது,’ என்று நினைத்தாள். ‘முடிஞ்சுது.’

எழும்ப முயன்றாள், முழங்கால் மடிந்து நிலத்தில் விழுந்தாள். ரெலிபோன் ஹோலில் இருந்தது. அதற்குப் போக வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு தவழ்ந்தாள். கதவுப் பிடி எட்டாத உயரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கித் திறந்தாள். நடையின் குளிர் முகத்தில் அறைந்தது. அந்தக் குளிரைத்தான் உடம்பு கேட்டது என்பதை அவள் யோசித்து அறியவில்லை, உடம்பே அறிந்தது. ரெலிபோனை விட்டுவிட்டுக் குசினியால் பின்கதவுக்குத் தவழ்ந்தாள். படியில் இருந்து மழைக்குள் தலையை நீட்டி, வாந்தி எடுத்தாள்.

எவ்வளவு நேரம் அந்தப் படியில் கிடந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. தலைமயிர் நனைந்து ஒட்டியது. நெஞ்சின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. ஓடிக்களைத்தவன் நடப்பதுபோல் நடந்தது. அப்போதுதான் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. வால்வு நன்றாகத்தான் இருக்கிறது. காற்றுத்தான் கெட்டுப்போயிருந்தது. யன்னலைச் சாத்தினது அவள்தான். கதவைச் சாத்தினதும் அவள்தான். ஆனால் அந்த வீட்டைக் கட்டினவன் அப்படி ஒரு மடைச்சி வந்து எல்லாவற்றையும் சாத்துவாள் என்று நினைத்துத்தான் சுவரில் உயரத்தில் ஒரு துவாரம் விட்டிருந்தான்.

அதை அடைத்தது அண்ணன்.

அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே வந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு அறைக்குள் போய் ஹீற்றரை அணைத்தாள், யன்னலைத் திறந்தாள். கதிரையில் ஏறுவதற்கு இன்னும் நேரம் பிடித்தது. பிளாஸ்டரை உரித்துப் பேப்பரைப் பிடுங்கியபோது, ஊதிவிட்டதுபோல் குளிர்காற்று உள்ளே வந்தது. பேப்பரைக் குப்பைக்குள் போட்டாள். வாந்தியைக் கழுவினாள். தலையைத் துவட்டிக் கட்டினாள். ஒருவருக்கும் சொல்வதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டாள். சொன்னால் அண்ணன் உடைந்துபோவார். இன்னும் கொஞ்ச நாள். பிறகு ஊர்.

அந்த முடிவு அன்று பின்னேரம் வரைக்கும்தான் நின்றது.

மகேந்திரராஜா வேலையால் வந்ததும் வழக்கம்போல் அவளைப் பார்க்க வந்தார். “என்ன ஹீற்றர் எரியேல்லை? என்ன இந்த அறை இப்பிடி ஐஸா இருக்கு?” என்றவர், நிமிர்ந்து துவாரத்தைப் பார்த்தார். “அட, கழண்டுபோச்சே!” ஹோலுக்குப் போய் அன்றைய பேப்பரையும் பிளாஸ்டரையும் எடுத்துக்கொண்டு வந்தார். கதிரையில் ஒரு காலை வைத்தார். பேப்பரைச் சுருட்டினார்.

“அடைக்காதேங்கோ!”

விமலாதேவி அண்ணனை நோக்கிக் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவளுக்கே அது தன்னுடைய குரல் என்று தெரியவில்லை. மகேந்திரராஜா கதிரையில் காலை வைத்தபடியே திரும்பினார். அப்போதுதான் உள்ளே வந்த யோகராணி, கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் வாசலில் நின்றாள்.

“ஏன் பிள்ளை?”

“அடைக்காதேங்கோ அண்ணை. காத்து வரட்டும்.”

“குளிருமெல்லே?”

“குளிரட்டும்!” என்றாள். அடக்க முடியவில்லை. “குளிர்ந்தாச் சாகமாட்டன். இண்டைக்குக் காலமைதான் செத்திருப்பன்.”

யோகராணிதான் முதலில் விளங்கிக்கொண்டாள். ஹீற்றரைப் பார்த்தாள், யன்னலைப் பார்த்தாள், அண்ணாந்து துவாரத்தைப் பார்த்தாள். ஓடிவந்து விமலாதேவியின் இமையை இழுத்துப் பார்த்தாள், நாடியைப் பிடித்தாள். “தலையிடிச்சதே? சத்தி எடுத்தனீரே? விழுந்தனீரே? எங்க அடிபட்டது? சொல்லும்!” இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுகிறவளுக்குச் சின்ன அடியும் உள்ளே பெரிதாகலாம் என்பது அவளுக்குத் தெரியும். விமலாதேவியின் முழங்கால் இரண்டும் கறுத்து வீங்கியிருந்தன.

காரில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மகேந்திரராஜா சிவப்பு விளக்கில் நின்றார், பச்சை விழுந்த பிறகும் நின்றார். பின்னால் வந்தவன் கோர்ன் அடித்தான்.

டொக்டர் சோதித்துப் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றும் இல்லை என்றார். இரத்தமும் வால்வும் சரியாகத்தான் இருந்தன. “நீங்களாகவே வெளியே வந்தீர்களா?” என்று இரண்டு தடவை கேட்டார். ஓம் என்றதும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை விமலாதேவி குசினி யன்னலால் பார்த்தபோது, மகேந்திரராஜா வேலைக்குப் போகாமல் வீட்டுப் பின்வளவில் நின்றார். ஹீற்றரில் மிஞ்சிக் கிடந்த மண்ணெண்ணெயை ஒரு தகரத்துக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். பாதி எண்ணெய் அவர் காலில் இருந்த சப்பாத்தில் சிந்தியது. அவள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அவரிடம் போனாள்.

“நான் எஞ்சினியர்,” என்றார் அவர், அவளைப் பார்க்காமல். “துவாரம் என்னத்துக்கு எண்டு எனக்குத் தெரியும். நானே அடைச்சன். நானே நெருப்பைக் கொண்டுவந்து வைச்சன். இரண்டையும் சேத்து யோசிக்கேல்லை.”

“யன்னலைச் சாத்தினது நான்தானே அண்ணை.”

“யோகா சொன்னது சரி. அதைப் பூட்டினா உன்னை அனுப்ப மனம் வராது எண்டு பயந்தன். உன்னை அனுப்பாட்டி நான் போகவேணும்.” தகரத்தின் மூடியைத் திருகினார், அது ஏறவில்லை. “இண்டைக்கே நோர்மனுக்கு அடிக்கிறன்.”

“வேண்டாம்,” என்றாள் விமலாதேவி.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“குற்றம் கழிக்கிறதுக்கு வேண்டாம் அண்ணை. நான் போறது போறதுதான். ஹோலில கட்டிலைப் போட்டுவிடுங்கோ. காணும்.”

அப்படியே செய்தார்கள். எண்ணெய் ஹீற்றருக்குப் பக்கத்தில் அவளுடைய கட்டில் வந்தது. சட்டை மாற்றவும் அழவும் அவளுக்கு ஒரு மூலை இல்லாமல் போயிற்று. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவள் கட்டிலில் இருந்தபடி வணக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஆனாலும் சூடாக இருந்தது. யோகராணி புருஷனோடு அளந்து அளந்து பேசினாள். அவரும் சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவினார். விமலாதேவி நாட்களை எண்ணவில்லை என்று பாவனை செய்துகொண்டு எண்ணினாள்.

ஆவணி நடுப்பகுதியில் ஒரு பின்னேரம் சிவபாலன் ரெலிபோன் எடுத்தார். பக்கத்துக் கிளேற்றனில் இருந்த சிவபாலன் மகேந்திரராஜாவோடு ஒன்றாகப் படித்தவர். ரெலிபோனைக் காதில் வைத்தபடி அண்ணனின் முகம் மாறுவதை விமலாதேவி கட்டிலில் இருந்து பார்த்தாள்.

“எங்க? ... எப்ப தொடங்கினது? ... ரயிலிலயுமே?”

கலவரம் யாழ்ப்பாணத்தில் தொடங்கியதாம். பிறகு தெற்கே பரவிவிட்டதாம். கொழும்பில் தமிழரின் வீடுகளைத் தேடித் தேடி எரிக்கிறார்களாம். வடக்குக்குப் போகும் ரயிலை மறித்துச் சனத்தை இழுத்து அடித்தார்களாம். மகேந்திரராஜா சிற்றலை ரேடியோவைத் திருகினார். இரைச்சலுக்கு நடுவே பி.பி.சி. ஓரிரண்டு வசனம் சொல்லிவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. ஊருக்கு ரெலிபோன் கோல் பதிந்தார்கள். லைன் கிடைக்கவில்லை. மறுநாளும் கிடைக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை.

அந்த நாட்களில் ஒருவரும் ஹோலை விட்டு நகரவில்லை. அப்பாவின் வீடு சுன்னாகத்தில். அங்கே ஒன்றும் நடக்காது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சொல்லும்போது கண்ணைப் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். ரெலிபோன் மணி அடித்த ஒவ்வொரு தடவையும் மூன்று பேரும் எழும்பினார்கள். விமலாதேவியின் ரிக்கற் அலுமாரிக்கு மேலே இருந்தது. கொழும்பில் இறங்கி, ரயிலேறி, யாழ்ப்பாணம் போக வேண்டும். அந்த ரயிலில் தன்னைத் தானே இருத்திப் பார்த்தாள். ஓட வேண்டி வந்தால் தன்னால் எவ்வளவு தூரம் ஓட முடியும்? குளிசை போடுகிற உடம்பில் ஒரு பொல்லடி விழுந்தால் இரத்தம் எப்போது நிற்கும்? கணக்கு அவளுக்கு உடனே விடை தந்தது. அவள்தான் அதை ஏற்க மறுத்தாள்.

“ரிக்கற்றைத் தள்ளிப்போடுவம்,” என்றார் மகேந்திரராஜா.

“ஒரு கிழமையில அடங்கிடும்.”

“அடங்கினாப்போல?”

“அப்பா தனிய.”

“அப்பாவை எனக்கு விடு!” என்று அவர் கத்தினார். பிறகு தாழ்ந்த குரலில், “எனக்கு விடு பிள்ளை. எவ்வளவு காலமா உன்ர தலையில வைச்சிருக்கிறன்,” என்றார்.

ஒரு காலையில் கோல் வந்தது. அப்பா ஓய்வுபெற்ற போஸ்ற் மாஸ்ரர், பழகிய ஒபிசில் இருந்து எடுத்திருந்தார். குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இருந்தது. மகேந்திரராஜா இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, ரெலிபோனைத் தங்கையிடம் நீட்டினார்.

“அப்பா, சுகமே? அங்க ஒண்டும் இல்லையே?”

“நான் சுகம். எங்கட பக்கம் ஒண்டுமில்லை. நீ என்ன, நெஞ்சு என்னமாதிரி?”

“நல்லா இருக்கு. நான் மாசக் கடைசியில வாறன் அப்பா.”

இரைச்சல் வந்தது. கோல் அறுந்துவிட்டது என்று நினைத்தாள். பிறகு அப்பா சொன்னார்: “வராதை பிள்ளை.”

“அப்பா?”

“ரயில்ல வந்த சனத்தைப் பாத்தனான். கோயில் மடத்தில கிடக்குதுகள். நீ வாற வழியெல்லாம் நான் இஞ்ச இருந்து சாகேலாது. உன்னைக் காப்பாத்தத்தானே அனுப்பினனான். அங்கயே இரு. எனக்கு அதுதான் வேணும்.”

அவள் பதில் சொல்லும் முன் லைன் போய்விட்டது.

யோகராணி அவளுடைய தோளைத் தொட வந்தாள். விமலாதேவி கையைக் காட்டித் தடுத்தாள். ஹோலைத் தாண்டி, நடையால், கிழமைக்கணக்காக ஒருவரும் இல்லாத தன்னுடைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அங்கே குளிர் முழுதாக இருந்தது. நிலத்தில் இருந்து அழுதாள். பிள்ளைகளுக்காக, அப்பாவுக்காக, எரிந்துபோன யாருடையவோ வீடுகளுக்காக அழுதாள். அழுது முடிய, எழும்பி, யன்னலுக்குக் கீழே இருந்த சுவரைக் கையால் தடவிப் பார்த்தாள். சோக்குக் கோடு ஒன்றும் மிச்சம் இல்லை.

வெளியே வந்து, “நோர்மனின்ர நம்பர் எங்க மச்சாள்?” என்று கேட்டாள்.

“நான் அடிக்கிறன்,” என்று மகேந்திரராஜா எழும்பினார்.

“இல்லை அண்ணை. நான் இருக்கப்போற அறை. நானே கதைக்கிறன்.”

அவள் நோர்மனிடம் கேட்ட கேள்விகளை மகேந்திரராஜாவே வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். இந்த வீட்டு வயர் அதைத் தாங்குமா? அதற்குத் தனி லைன் இழுக்க வேண்டுமா? சத்தம் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொந்தரவா? காற்றுத் துவாரத்தை அடைக்கத் தேவையில்லைதானே? உறைபனி விழும் காலைகளில் என்ன நடக்கும்? கடைசிக் கேள்விக்கு நோர்மன் ஒளிக்காமல் சொன்னார்: வெளிப்பக்கத்துக் குழாய்களில் ஐஸ் படியும், அதை உருக்குவதற்காக மிசின் இடையில் நின்று நின்று ஓடும், மெல்பேணில் அப்படிப்பட்ட காலைகள் கொஞ்சம்தான், மற்ற நாட்களுக்கு இதைவிட நல்லது இல்லை.

“அப்ப சரி, வந்து பூட்டுங்கள்,” என்றாள்.

புரட்டாதி முதல் கிழமையில் நோர்மன் வந்து செங்கலை வெட்டினார். வீடு முழுக்கச் சிவப்புத் தூசி பறந்தது. சுவரில் ஓட்டை விழுந்து பெட்டி உள்ளே போகும் வரை இருந்த அந்த இடைவெளியால், பக்கத்து வளவில் காயப்போட்ட உடுப்புகளும் ஒரு எலுமிச்சை மரமும் தெரிந்தன. அவ்வளவு நாளாக அங்கே ஒரு மரம் நின்றது அவளுக்குத் தெரியாது. பின்னேரம் பொத்தானை அமத்தினார்கள். மிசின் உறுமிக் குலுங்கியது. முதலில் குளிர்ந்த காற்றுத்தான் வந்தது. மகேந்திரராஜா நோர்மனை முறைத்துப் பார்த்தார். நோர்மன் பொறுங்கள் என்று கையைக் காட்டினார். பிறகு மெல்ல இளஞ்சூடு வந்தது. தீயின் வாசனை இல்லாத சூடு. யோகராணி கையை நீட்டிப் பார்த்துவிட்டு, அன்றைக்குத்தான் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள்.

விசா நீட்டிப்பு இலேசில் கிடைக்கவில்லை. டொக்டர் எழுதிக் கொடுத்தார், சிவபாலன் ஆள் பிடித்துக் கொடுத்தார், விமலாதேவி ஒபிஸ் ஒபிஸாக ஏறி இறங்கினாள். முதலில் கொஞ்சக் காலத்துக்குத் தந்தார்கள், பிறகு நிரந்தரமாகத் தந்தார்கள். அடுத்த வருஷம் அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கத் தொடங்கினாள். மார்கழியில் மகேந்திரராஜா சுன்னாகத்துக்குப் போனார். அப்பாவைக் கூட்டிவரலாம் என்று போனவர், கிழவர் அசைய மறுத்ததால், லீவு முடியும் வரை அவரோடு இருந்து, கூரைக்கு ஓடு மாற்றி, கிணற்றை இறைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு வருஷாவருஷம் போனார். போகும்போது விமலாதேவி அப்பாவுக்கென்று கம்பளிக் காலுறை கொடுத்துவிட்டாள். சுன்னாகத்து வெயிலில் அதை யார் போடுவது என்று அவர் கேட்டாராம். ஆனாலும் போட்டுக்கொண்டாராம்.